சார் வீட்டு அஞ்சு கணக்கு: நூறு நாள் போட்டுப் பார்த்தவன் எழுதுவது

முருகன்குறிச்சியில் நான் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலிருந்து பத்து எட்டு வைத்தால் ஒரு ஜெராக்ஸ் கடை. காலை ஆறே முக்காலுக்கு ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருப்பார்கள். குனிந்து கையை நீட்டி "அண்ணாச்சி, சார் ஷீட்டு" என்றால் இரண்டு ரூபாய்க்கு ஒரு தாள் வெளியே வரும். மேலே தேதி, அதற்குக் கீழே கையால் எழுதின ஐந்து கணக்கு. வேறு ஒன்றும் இருக்காது. ராத்திரி எட்டு மணிக்குள் போட்டு முடித்து, இரண்டு தெரு தள்ளி இருக்கிற சார் வீட்டுத் திண்ணையில் செங்கலுக்கு அடியில் வைத்துவிட்டு வரவேண்டும். மறுநாள் சாயங்காலம் திருத்தின தாள் அதே செங்கலுக்கு அடியில் இருக்கும். திருத்துகிற கூலி மாதம் 250 ரூபாய்.

அவ்வளவுதான் விஷயம். பலகை கிடையாது, பெயர் கிடையாது, வகுப்பு எடுப்பதும் கிடையாது. பாளையங்கோட்டைப் பக்கம் எம்-3 என்கிற மூன்றாவது செமஸ்டர் கணக்குப் பேப்பரில் அரியர் வைத்திருக்கிற மெக்கானிக்கல், சிவில் பையன்களிடம் "சார் வீட்டு ஷீட்டு" என்று கேட்டால் வழி சொல்வார்கள். ஜூனியர்கள் என்னிடம் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவனுக்கும் டீக்கடையில் நின்று சொல்லி மாளவில்லை.

என் கதை தெரியாமல் நான் சொல்வதை எடைபோட முடியாது. 2022-இல் மெக்கானிக்கல் சேர்ந்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டம். மூன்றாவது செமஸ்டரில் 'ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்' என்று ஒரு பேப்பர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் எல்லோரும் எம்-3 என்பார்கள். முதல் தடவை போனது 2023 நவம்பர்–டிசம்பரில். அதில் எனக்கு வருத்தமே இல்லை, ஏனென்றால் படிக்கவில்லை. 2024 ஏப்ரல்–மேயில் மறுபடி போனதே, அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தத் தடவை நான் உண்மையாகவே படித்திருந்தேன்.

படித்தேன் என்றால் எப்படி? மூவாயிரம் ரூபாய் கட்டி ஒரு ஆப் வாங்கினேன். பெயர் வேண்டாம். எண்பது வீடியோவையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தேன். வீடியோவில் வருகிற வாத்தியார் போர்டில் போடப் போட எனக்கு எல்லாம் புரிந்தது, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு கைடு. தீர்த்துவைத்த கணக்குகளை மஞ்சள் ஸ்கெட்சால் தீட்டித் தீட்டிப் புத்தகமே மஞ்சக்காமாலை வந்ததுபோல ஆயிற்று. ஹாலுக்குப் போனேன். எக்ஸ் ஸ்கொயருக்கு 0 முதல் 2 பை வரை ஃபோரியர் சீரிஸ், அதாவது சைன், கொசைன்களின் கூட்டுத்தொகையாக, எழுதச் சொல்லியிருந்தார்கள். எக்ஸ் ஸ்கொயர் ஈவன் ஃபங்ஷன்தானே, எக்ஸுக்கு மைனஸ் போட்டாலும் மதிப்பு மாறாதே! ஆகவே சைன்களுக்கு முன்னால் வருகிற பி-என் சைபர் என்று ஒரே வரியில் அடித்துவிட்டு, மிச்சத்தை அழகாக எழுதி, கட்டம் கட்டி, ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டுவிட்டு வந்தேன்.

எம்-3 எழுதினவர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஈவன், ஆட் என்கிற பேச்சே மைனஸ் பை முதல் பை வரை என்பதுபோல சைபருக்கு இரண்டு பக்கமும் சமமாக இருக்கிற இடைவெளியில்தான் எடுபடும். 0 முதல் 2 பை வரை என்று கேட்டால் அந்தச் சலுகை கிடையாது. பி-என் மைனஸ் 4 பை பை என் என்று வரும், அதை உட்கார்ந்து போட்டுத்தான் ஆகவேண்டும். (முதல் பை பள்ளிக்கூடத்து 22/7, இரண்டாவது வகுத்தல். தமிழில் கணக்கு எழுதினால் இப்படியெல்லாம் ஆகும்.) இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பதினாலாவது வீடியோவில் அவர் சொல்லும்போது, நானும் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டியிருக்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு சீனியர் அண்ணன் கையைப் பிடித்து சார் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சாருக்கு எழுபதுக்கு மேல். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே கூப்பிடவில்லை, திண்ணையிலேயே நிறுத்தி வைத்துப் பேசினார்.

"எம்-3 தெரியுமால?"

"தெரியும் சார். எக்ஸாம்லதான் வரமாட்டேங்கு."

"அப்பம் தெரியாது. ஷீட்ட வாங்கிட்டுப் போ."

கட்டணத்தைக் கேட்டேன். அண்ணாச்சி கடையில் கேட்டுக்கொள் என்றார். மொத்தச் சேர்க்கையும் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

இனி ஷீட்டுக்குள் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். வெளியே இருந்து பார்க்கிறவர்கள் தினம் ஐந்து கணக்குதானே, கைடிலிருந்து நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஐந்தில் ஒன்றுதான் புதிது. ஒன்று நேற்றையது, ஒன்று போன வாரத்தது, ஒன்று எந்த மாதத்தது என்றே தெரியாத பழசு. எண்கள் மாறியிருக்கும், சில சமயம் இடைவெளி மட்டும் மாறியிருக்கும். எந்த யூனிட் என்று தலைப்பு போடமாட்டார். இசட் ட்ரான்ஸ்ஃபார்முக்கு அடுத்து லெக்ராஞ்ச் வரும், அதற்கடுத்து ஹாஃப் ரேஞ்ச் சைன் சீரிஸ், மூன்றும் வெவ்வேறு யூனிட். கைடில் அத்தியாயத்துக்கு மேலேயே 'லெக்ராஞ்ச் முறை' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறார்களே, பாதிக் கணக்கை அவர்களே போட்டுக் கொடுத்த மாதிரி என்பது எனக்கு இங்கே வந்துதான் உறைத்தது.

ஐந்தாவது கணக்குதான் இந்த ஷீட்டின் உயிர். அதைப் போடவே கூடாது. என்ன வகை, எப்படி ஆரம்பிப்பாய், முதல் வரி என்ன, இதை மட்டும் எழுதவேண்டும். லெக்ராஞ்ச் என்றால் எந்தப் பெருக்கிகளை எடுத்தால் கூட்டுத்தொகை சைபராகும்? ஒன்று, ஒன்று, ஒன்றா? அல்லது எக்ஸ், ஒய், இசட்டா? அதைச் சொல்லிவிட்டுப் பேனாவை வைத்துவிட வேண்டும். ஆர்வக்கோளாறில் முழுசாகப் போட்டுவைத்தால் தாள் முழுக்கச் சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு இழுத்திருப்பார்.

பல்கலைக்கழகக் கேள்வித்தாளில் 11-ஆவது கேள்வி முதல் யூனிட், 12-ஆவது இரண்டாவது என்று வரிசையாகத்தானே வரும், வகை கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று ஒருவன் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் வழுக்கி விழுவது யூனிட்டுக்கு உள்ளே. பார்ஷியல் டிஃபரன்ஷியலில் மட்டும் க்ளேராட், லெக்ராஞ்ச், ஹோமோஜீனியஸ் என்று எத்தனை குடித்தனம் இருக்கிறது! நான் விழுந்ததும் ஃபோரியர் என்று தெரியாமல் இல்லை, எந்த இடைவெளி என்று பார்க்காமல்தான்.

திருத்துவதில் ஒரு கஞ்சத்தனம் உண்டு. தப்பு நடந்த வரியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருப்பார். ஏன் தப்பு, சரி எது என்று எழுதமாட்டார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு குண்டூசியில் குத்தியிருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை நறுக்கி எழுதின சீட்டு. ஒரு பக்கம் நான் தப்பு விட்ட கணக்கின் ஜாடையில் இன்னொரு கணக்கு, மறுபக்கம் யாரோ இருவரின் சுபமுகூர்த்தம். அதைப் போட்டுக் கொடுத்தால் மூன்றாம் நாள் அதே ஜாடையில் இன்னொரு சீட்டு வரும். சரியாக இருந்தால் பத்து நாள் கழித்து ஒன்று, அதற்கும் பிறகு ஒரு மாதம் கழித்து ஒன்று. நடுவில் எங்கே தப்பினாலும் பழையபடி மூன்றாம் நாளுக்குத் திரும்பிவிடும். யாருக்கு எந்தச் சீட்டு எப்போது என்பதை மூன்று பிஸ்கட் டின்னில் பிரித்து வைத்திருக்கிறார். இதே போலப் பெட்டி பெட்டியாகச் சீட்டு மாற்றுகிற முறையை லைட்னர் என்பவர் 1970-களில் ஜெர்மன் மொழியில் எழுதியிருப்பதாகப் பிற்பாடு தெரிந்துகொண்டு சாரிடம் சொன்னேன். "நல்ல டின்னு வச்சிருப்பாரு" என்றார்.

முதல் வாரம் 35 கணக்கில் எனக்குச் சரியானது 6. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நான்காவது வாரம் 11. ஒரு மாதம் மாடாய் உழைத்து 11 என்றால் எவனுக்கும் வெறுத்துப்போகும். என்னோடு சேர்ந்த ஆறு பேரில் மூன்று பேர் அந்த மாதத்தோடு நின்றுவிட்டார்கள். நானும் நின்றிருப்பேன். அக்காதான் காப்பாற்றினாள். பி.எட். படிக்கிறவள். அவளிடம் புலம்பியபோது ஒரு ஆய்வைச் சொன்னாள். தென் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்மங்களின் கன அளவு கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு வகை வகையாக அடுக்கி வைத்துப் பயிற்சி, இன்னொரு கூட்டத்துக்கு எல்லாவற்றையும் கலைத்துப்போட்டுப் பயிற்சி. பயிற்சி நேரத்தில் அடுக்கிப் போட்டவர்களுக்கு 89 சதவீதம் சரி, கலைத்துப் போட்டவர்களுக்கு 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் தலைகீழ்: அடுக்கியவர்களுக்கு 20, கலைத்தவர்களுக்கு 63.

"வீடியோ பாக்கும்போது நீ அந்த 89-ல இருந்த. இப்ப 60-ல இருக்கியேன்னுதான் அழுத. பேசாம போடுல" என்றாள். அவள் சொன்னதில் ஒரு திருத்தம், நான் 60-இல் எல்லாம் இல்லை, 30-இல்தான் இருந்தேன். ஆனாலும் நிற்கவில்லை. பத்தாவது வாரம் 35-க்கு 24.

நடுவில் ஒரு நாள் திண்ணையில் சார் இருந்தார். ஹீட் ஈக்வேஷன் கணக்கு ஒன்றில் பவுண்டரி கண்டிஷனை மாற்றி எழுதியிருந்தேன். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "கம்பியோட ரெண்டு முனையையும் ஐஸ்ல வச்சா முனையில சூடு எவ்வளவுல இருக்கும்?" சைபர் என்றேன். "அத எழுதுறதுக்கு எதுக்குல மனப்பாடம்? இரும்புக் கம்பியில சூடு எப்படிப் போகுதுன்னு பாக்கப் போயித்தான் அந்த மனுஷன் இந்த சீரிஸையே கண்டுபிடிச்சான். மெக்கானிக்கல்காரன் நீயே இதக் கண்டு ஓடுனா?" நூறு நாளில் அவர் எனக்கு எடுத்த பாடம் இது ஒன்றுதான். அந்த மனுஷன் ஃபோரியர்தான், சூடு பரவுவதைப் பற்றின புத்தகத்தை அவர் வெளியிட்டது 1822-இல். ஆறாவது செமஸ்டரில் ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர் வந்தபோது அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

குறைகளைச் சொல்லாவிட்டால் ஜூனியர்கள் என்னை அடிப்பார்கள்.

முதல் குறை சாரின் கையெழுத்து. அவர் எழுதுகிற இசட்டுக்கும் இரண்டுக்கும் பிரம்மாவே வித்தியாசம் சொல்ல முடியாது. மற்ற யூனிட்டில் சமாளிக்கலாம். இசட் ட்ரான்ஸ்ஃபார்மில் என்ன செய்வது? ஒரு நாள் முழுக் கணக்கையும் இசட்டுக்குப் பதில் இரண்டு போட்டு முடித்து, விடை மட்டும் ரொம்ப லேசாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். இசட்டுக்கு நடுவில் ஒரு கோடு போடுங்கள் சார் என்று கேட்டுக்கொண்ட பிறகு ஒரு வாரம் போட்டார். அப்புறம் மறந்துவிட்டார்.

அடுத்தது கொஞ்சம் பெரியது. பிளஸ் டூ இன்டெக்ரேஷன் தகராறாக இருப்பவர்களுக்கு இந்த ஷீட்டு ஒரு உதவியும் செய்யாது. பாதி ஃபோரியர் கணக்கு பெர்னூலி சூத்திரத்தைப் போட்டு, பிளஸ் மைனஸ் மாறாமல் கரையேறுவதில்தான் இருக்கிறது. அது வராதவனுக்கு எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் சிவப்பு வட்டம் விழும், அவனும் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். சார் "போயி பிளஸ் டூ புக்க எடு" என்பார், அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டார். நான் இரண்டு வாரம் தனியாக உட்கார்ந்து அதை மட்டும் பழகிவிட்டு வந்தேன். அந்த இரண்டு வாரத்துக்கும் சேர்த்துத்தான் 250 ரூபாய் போயிற்று.

பதிமூன்று மார்க் கணக்கை முழுசாக எழுதுகிற பழக்கமும் இங்கே கிடைக்காது. மூன்றாவது யூனிட்டில் அதிர்கிற கம்பிக் கணக்கு ஒன்று போட்டால் மூன்று பக்கம் ஓடும். சார் அதைத் துண்டு போட்டுக் கொடுப்பார், இன்றைக்கு பவுண்டரி கண்டிஷன் மட்டும், நாளைக்கு மாறிலி கண்டுபிடிப்பது மட்டும் என்று. ஒவ்வொரு துண்டும் எனக்கு வந்தது. எல்லாவற்றையும் கோத்து இருபத்தைந்து நிமிடத்தில் ஒரே மூச்சில் எழுத உட்கார்ந்தபோது கை வலித்தது, இரண்டாம் பக்கத்திலேயே நேரம் போய்விட்டது. கடைசி மூன்று வாரம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய கேள்வித்தாளை எடுத்து, மொட்டை மாடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து நானே எழுதிப் பழகினேன். அதைச் செய்யாமல் ஷீட்டை மட்டும் நம்பியிருந்தால் மூன்றாவது தடவையும் போயிருக்கும் என்பதுதான் என் எண்ணம். டிரிஷ்லே கண்டிஷன் மாதிரி இரண்டு மார்க் சமாச்சாரங்களும் நம் பாடுதான்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு தோதுப்படாது. அந்தத் தெருவில் விளக்கு பாதி நாள் எரியாது. ராத்திரி எட்டு மணிக்குத் திண்ணைக்கு வா என்றால் எந்த வீட்டில் விடுவார்கள்? என் வகுப்புத் தோழி ஒருத்தி தம்பியை சைக்கிளில் அனுப்பிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பரீட்சை வந்ததும் அவள் கணக்கு நின்றுபோனது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பலாமா என்று கேட்டதற்கு சார் கண்டிப்பாக முடியாது என்றுவிட்டார். கண் தெரியவில்லை என்பது அவர் காரணம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலையில் அண்ணாச்சி கடையிலேயே ஒரு டப்பா வைத்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது. நான் இரண்டு தடவை சொன்னேன். அண்ணாச்சியும் தயார்தான். ஏனோ நடக்கவில்லை.

இதே வித்தையை வேறு பேப்பருக்கும் செய்யலாமா என்று கேட்கிறார்கள். நானும் கூட்டாளி ஒருவனும் தெர்மோடைனமிக்ஸுக்கு நாங்களே சீட்டு எழுதி, ஷூ டப்பாவில் பிரித்துப் போட்டு நடத்திப் பார்த்தோம். ஸ்டீம் டேபிளைப் புரட்டி எண்ணைப் பிடிக்கிற வேகம் வந்தது, நீராவி ஈரமா உலர்ந்ததா என்று பார்த்தவுடன் சொல்ல வந்தது. என்ட்ரபி என்றால் என்ன என்பது கடைசிவரை சீட்டுக்குள் அடங்கவில்லை. அதற்கு வாயைத் திறந்து விளக்கிச் சொல்கிற ஆள் வேண்டும். தவிர, நம் தப்புக்கு நாமே சீட்டு எழுதினால் நமக்குத் தெரிந்ததாகப் பார்த்து எழுதிக்கொள்கிறோம். கூட்டாளி எழுதிக் கொடுத்தால் நம்மை மடக்குவதற்காகவே எழுதுகிறான், அது தேவலை.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணாச்சி கடை வாசலில் ஒரு கூட்டம் நிற்கும், பழைய ஷீட்டு எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டுத் தாருங்கள் என்று. அண்ணாச்சிக்கு வியாபாரம், போட்டுத் தருவார், கட்டு நூற்றைம்பது ரூபாய். அதை வாங்காதீர்கள். விடை இருக்காது, திருத்தல் இருக்காது, சீட்டு வராது. அது இன்னொரு கைடு, கையெழுத்து மட்டும் மோசம்.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலேகால். அந்த முக்கால் இசட்டுக்கும் தெருவிளக்குக்கும் போனது. 2024 நவம்பர்–டிசம்பரில் பேப்பரை எடுத்துவிட்டேன். கிரேடு பி. பெரிய கிரேடு இல்லை, ஆனால் அம்மா அன்றைக்கு வடை சுட்டாள்.

ரிசல்ட் வந்த மறுநாள் வடையில் நாலைந்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். ஆச்சி வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். சார் "பாஸா? சரி" என்றார். எழுந்து போய் டின்னைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து வந்து நீட்டினார். ஒரு மாதத்துச் சீட்டாம், எனக்கு வரவேண்டியது பாக்கி இருந்ததாம். எக்ஸ் ஸ்கொயர், 0 முதல் 2 பை வரை. அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து போட்டேன். பி-என்னை விடவில்லை. மைனஸ் 4 பை பை என், முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். சார் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, சீரிஸின் முதல் மாறிலியான ஏ-நாட் மேல் ஒரு வட்டம் போட்டார். மூன்றால் வகுக்க மறந்திருக்கிறேன்.

"நாளான்னிக்கு வா" என்றார்.